உடுமுல்லப் பாலம் பற்றி ஒரு துணைக் கேள்வி

அழகமுத்து மாகாண சபைக்குப் போனது அவருடைய சிங்களத்தால்தான் என்று தெஹியோவிட்டப் பக்கத்தில் சொல்வார்கள். அதில் பொய்யில்லை. அவர் பிறந்த ரப்பர்த் தோட்டத்துக்குப் பதிவில் வெள்ளைக்காரப் பெயர் ஒன்று உண்டு. சனங்களுக்கு அது ஆத்தடித் தோட்டம். தோட்டத்துப் பள்ளிக்கூடத்தில் ஐந்தாம் வகுப்புக்கு மேல் இல்லாததால், அவருடைய அப்பா அவரை ஆற்றுக்கு அக்கரையில் உடுமுல்லக் கிராமத்துச் சிங்களப் பள்ளிக்கூடத்தில் சேர்த்துவிட்டார். பேச்சில் மட்டுமல்ல, சண்டையிலும் வேடிக்கையிலும் உடுமுல்லப் பையன்களைப் போலவே வளர்ந்தார். பிற்காலத்தில் பொலிசுக்கோ ஆஸ்பத்திரிக்கோ போகிற தோட்டத்து ஆட்கள், தங்களுக்காகச் சிங்களம் பேச, முதலில் அவர் வீட்டு வாசலில்தான் வந்து நிற்பார்கள்.

தொண்ணூற்றிரண்டில் தோட்டங்களைக் கம்பனிகள் பொறுப்பெடுத்தபோது அவர் கணக்கப்பிள்ளையாக இருந்தார். மழையால் ரப்பர்ப் பால்வெட்டு நின்ற நாட்களில் ஆட்களுக்கு வேறு வேலை தர முடியாது என்றார் தோட்டத்தை நிர்வகிக்கப் புதிதாக வந்த துரை. காலையில் வேலை பிரித்துக் கொடுக்கும் பிரட்டுக் களத்தில் எல்லாரும் பார்த்துக்கொண்டிருக்க, துரை ஆங்கிலத்தில் திட்ட, அழகமுத்து நல்ல சிங்களத்தில் நிதானமாகப் பதில் சொன்னார். அத்தோடு அவருடைய வேலை போயிற்று. தொழிற்சங்கம் அவரைத் தெஹியோவிட்டக் காரியாலயத்துக்குப் பிரதிநிதியாக எடுத்துக்கொண்டது. தொண்ணூற்றொன்பதில் மாகாண சபைத் தேர்தல் வந்தது. வேட்பாளர் பட்டியலில் சங்கம் அவர் பெயரைப் போட்டது. தோட்டத்து வாக்குகளோடு உடுமுல்லக்காரர்கள் சிலருடைய வாக்கும் சேர்ந்து விழ, அவர் வென்றுவிட்டார்.

முதல் இரண்டு வருடம் அவர் சபையில் வாயே திறக்கவில்லை. எதிர்க்கட்சி வரிசையின் கடைசியில் உட்கார்ந்து, சங்கம் கையைத் தூக்கச் சொன்னபோது தூக்கினார். மனைவி கலைச்செல்வி தோட்டத்தில் பால் வெட்டுகிறவள். புருஷன் சபை உறுப்பினராகி, சனங்கள் 'மந்திரி' என்று கூப்பிடத் தொடங்கிய பிறகும் அவள் வேலையை விடவில்லை. ஒருநாள் அவருடைய சட்டையைத் தோய்த்துக்கொண்டே கேட்டாள்.

"ரத்தினபுரிக்குப் போறீங்க, வாறீங்க. அங்க என்னதாங்க பேசுறீங்க?"

"பேசுறதுக்கு நேரம் வரணும் புள்ள."

"வர்ற வரைக்கும் சும்மா இருப்பீங்களா? நம்ம ஆத்துக்கு ஒரு பாலம் கேளுங்க. அதக் கேக்க என்ன நேரம் வேணும்?"

ஆற்றின் மேல் இருந்தது ஓர் ஏதண்ட மட்டுமே. இரண்டு கமுக மரங்களைச் சேர்த்துக் கட்டி, பிடித்துக்கொள்ளப் பக்கத்தில் ஒரு கம்பி இழுத்திருந்தார்கள். பஸ் பாதை அக்கரையில், உடுமுல்லையில். இக்கரையில் தோட்டத்து ஆட்களின் வரிசை வீடுகளான லயங்கள். நோயாளியைச் சாக்குக் கட்டிலில் வைத்து ஏதண்டவைக் கடக்க முடியாது. மலையைச் சுற்றிப் போகிற தோட்டத்து ரோட்டில் ட்ராக்டரில் ஏற்றித்தான் கொண்டுபோக வேண்டும். மழைக்காலத்தில் அந்த ரோட்டும் சறுக்கும்.

அழகமுத்து ஒரு மனுவோடு இரத்தினபுரியில் மாகாணத் திட்டமிடல் பகுதிக்குப் போனார். அங்கே அதிகாரியாக இருந்தவர் மகாதேவி. பருத்தித்துறைக்காரர், ஊரை விட்டு வந்து பல வருடம். கல்யாணம் கட்டவில்லை. அலுவலகத்துக்குப் பக்கத்தில் ஓர் அறையில் இருந்தார். நரைத்த தலையை இறுக்கி முடிந்து, மூக்குக் கண்ணாடிக்கு மேலால் பார்த்துப் பேசுகிறவர். மனுவை வாசித்துவிட்டு மேசையில் வைத்தார்.

"தோட்டத்து எல்லைக்குள்ள மாகாணக் காசு செலவழிக்கேலாது. காணி கம்பனியின்ரை பொறுப்பில. இது உங்களுக்குத் தெரியும்தானே?"

"தெரியுங்க மெடம். அதான் ஏதாச்சும் வழி..."

மகாதேவி கதவுப் பக்கம் பார்த்தார். வெளியே ஆட்கள் காத்திருந்தார்கள். "கொஞ்சம் பொறுங்கோ," என்றார். "எல்லாத்தையும் வாயால சொல்லேலாது. நீங்கள் போயிட்டு வாங்கோ."

அழகமுத்துவுக்கு முகம் சுருங்கிவிட்டது. கதிரையில் உட்காரச் சொல்லக்கூட இல்லையே என்பது படி இறங்கும்போதுதான் அவருக்கு உறைத்தது. யாழ்ப்பாணத்து உத்தியோகத்தர்கள் தோட்டத்து ஆட்களை எப்படிப் பார்ப்பார்கள் என்று சின்ன வயதிலிருந்து கேட்ட கதைகள் எல்லாம் ஒன்றாக நினைவுக்கு வந்தன. போஸ்ட் ஒபிசில், பள்ளிக்கூடத்தில், அரசாங்கக் கச்சேரியில் என்று ஆளுக்கொரு கதை வைத்திருப்பார்கள். இப்போது அவருக்கும் ஒன்று கிடைத்துவிட்டது. பஸ் எஹலியகொடையைத் தாண்டும் வரை அதையே நினைத்துக்கொண்டு வந்தார்.

சில மாதங்களில் ஆற்றோரத்தில் முளை அடித்தார்கள். மாகாண வீதிப் பகுதியிலிருந்து நிலாம் என்ற தொழில்நுட்ப உத்தியோகத்தர் வந்து அளந்தார். பிறகு லொறியில் கல்லும் கம்பியும் வந்தன. 'உடுமுல்ல வயல்பாதைப் பாலம்' என்று ஒரு பலகை நட்டார்கள். ஆற்றுக்கு இக்கரையில், தோட்டத்து எல்லையை ஒட்டி உடுமுல்லக்காரர்களுக்குச் சில துண்டு வயல்கள் இருந்தன. அந்த வயலுக்குப் போய்வரத்தான் பாலம் என்றார்கள்.

அழகமுத்துவுக்குப் பொறுக்கவில்லை. கிராமத்தில் நாலைந்து பேர் நெல் மூட்டை தூக்குவதற்குக் கொங்கிறீட் பாலம். பக்கத்திலேயே ஒரு தோட்டம் முழுக்கக் கமுக மரத்தில் நடக்கிறது. மகாதேவி 'பொறுங்கோ' என்று சொன்னதன் அர்த்தம் இதுதானா? கலைச்செல்வி மட்டும் வேறு மாதிரிச் சொன்னாள்.

"யார் பேர்ல போட்டா என்னங்க? போட்ட பாலத்துல நடக்க வேணாம்னு நம்மள யார் சொல்லப் போறா?"

"ஒனக்கு வெளங்காது. இது நடக்குறதப் பத்தின விசயம் இல்ல. மதிப்பப் பத்தின விசயம்."

அவள் பால்வாளியைக் கழுவப் போய்விட்டாள்.

சபையில் கேட்க அவர் ஒரு கேள்வி எழுதிக் கொடுத்தார். கடந்த வருடங்களில் இந்த மாகாணத்துத் தோட்டங்களில் வீதி, பாலம், குடிநீர் என்று மாகாண அரசாங்கம் செய்த வேலைகள் எவை? செய்யவில்லையென்றால் காரணம் என்ன? முறைப்படி எழுதிய கேள்வி. விடை வருகிற நாளில் ஆத்தடித் தோட்டத்திலிருந்து சங்கக் கமிட்டித் தலைவர் இராமசாமியும் இன்னும் சிலரும் வேட்டி கட்டிக்கொண்டு இரத்தினபுரிக்கு வந்து பார்வையாளர் இடத்தில் அமர்ந்தார்கள்.

மாகாண அமைச்சர் எழுந்து விடையை வாசித்தார். அப்படி வேலை எதுவும் செய்யப்படவில்லை; தோட்டங்கள் கம்பனிகளின் நிர்வாகத்தில் இருப்பதால் செய்ய இயலாது. இவ்வளவுதான். வாசித்துவிட்டு உட்காரப் போனார்.

அழகமுத்து எழுந்தார். துணைக் கேள்வி கேட்க அனுமதி கேட்டார். தவிசாளர் தலையசைத்தார். இரண்டு வருடம் அடக்கி வைத்திருந்த குரல் அன்று வெளியே வந்தது. கணீரென்ற சிங்களம். முன்வரிசைகள் திரும்பிப் பார்த்தன.

தோட்டத்துக்குப் பணம் இல்லை என்கிறீர்கள், சரி, என்றார். உடுமுல்லையில் வயலுக்குப் போக ஒரு பாலம் கட்டுகிறீர்கள். நான் அந்த ஊர்ப் பள்ளிக்கூடத்தில் படித்தவன், அந்த வயல்களை எனக்குத் தெரியும். நாலு துண்டு வயலுக்கு லொறி ஓடுகிற அகலத்தில் பாலம் எதற்கு? இது யாருக்காகக் கட்டுகிற பாலம் என்று அமைச்சர் இந்தச் சபைக்குச் சொல்வாரா?

எதிர்க்கட்சி வரிசைகள் மேசையைத் தட்டின. அமைச்சருக்கு முகம் சிவந்துவிட்டது. அந்தப் பாலத்தைப் பற்றி அவருக்கே ஒன்றும் தெரியாது என்பது எல்லாருக்கும் விளங்கிற்று. உத்தியோகத்தர்கள் உட்காரும் பக்கம் திரும்பி ஏதோ கேட்டார். அங்கே மகாதேவி இருந்தார். அவர் எழும்பவில்லை. கண்ணாடியைக் கழற்றி மடியில் வைத்துக்கொண்டு குனிந்திருந்தார். வெட்கப்படட்டும் என்று அழகமுத்து நினைத்தார். உடனடியாக விசாரித்துச் சபைக்கு அறிக்கை தருவதாகச் சொல்லிவிட்டு அமைச்சர் உட்கார்ந்தார்.

மறுநாள் பத்திரிகையில் படம் வந்தது. ஆத்தடித் தோட்டத்துக் கோயிலில் இராமசாமி மாலை போட்டார். பட்டாசு கொளுத்தினார்கள். "நம்மாளு கேட்ட கேள்வில மந்திரிசபையே ஆடிப்போச்சு" என்று இராமசாமி பார்த்தவர்களிடமெல்லாம் சொன்னார். அழகமுத்துவின் வாழ்க்கையில் அந்த ஒரு வாரம் போல வேறொரு வாரம் இருந்ததில்லை.

அதற்குப் பிறகு ஒருநாள் காலையில் லொறி வந்து ஆற்றோரத்தில் கிடந்த கம்பிகளை ஏற்றியது. இரண்டு கரையிலும் தூண்கள் எழும்பியிருந்தன. மேல்தட்டுப் போட வேண்டியதுதான் பாக்கி. செய்தி கேட்டு அழகமுத்து ஓடிவந்தார். நிலாம் ஒரு கல்லில் உட்கார்ந்திருந்தார்.

"ஏன் சேர், வேலைய நிப்பாட்டிட்டாங்களா?"

நிலாம் அவரை ஏற இறங்கப் பார்த்தார். "நீங்கதானே, மந்திரி, சபையில கேட்டீங்க."

"நான் தோட்டத்துக்கு ஏன் இல்லன்னுதான் கேட்டேன். இத நிப்பாட்டச் சொல்லலயே."

"இது ஒங்கட பாலம்," என்றார் நிலாம். "மகாதேவி மிஸ்தான் எப்படியோ யோசிச்சு, வயலச் சாட்டிப் போட்டாங்க. உடுமுல்லக் காரங்ககிட்ட அவங்களே வந்து பேசி, வயலுக்கெண்டு ஒரு விண்ணப்பம் குடுக்க வச்சாங்க. அவங்களும் சந்தோசமா ஒத்துக்கிட்டாங்க. இந்தப் பக்கத்துத் தூண் தோட்டத்துக் காணிக்குள்ள கொஞ்சம் ஏறி நிக்குது. வேன் போற அகலம் வேணும், நோயாளியக் கொண்டுபோகணும் எண்டு அகலத்தக் கூட்டினதும் அவங்கதான். மேல்தட்டப் போட்டு முடிச்சிருந்தா யாரும் ஒடைக்க வரமாட்டாங்க. இன்னும் கொஞ்ச நாள்தான் இருந்திச்சி."

அழகமுத்து அந்தத் தூணையே பார்த்துக்கொண்டு நின்றார்.

"எங்கிட்டச் சொல்லியிருக்கலாமே," என்றார் கடைசியாக.

"அரசியல்காரங்களுக்குச் சொன்னா மேடையில சொல்லிப் போடுவாங்க எண்டு மிஸ்ஸுக்குப் பயம்."

விசாரணைக்கு வந்தவர்கள் வேறு எதையும் பார்க்கவில்லை. தூண் யாருடைய காணியில் நிற்கிறது, கம்பனியின் சம்மதம் எங்கே, வயல்பாதைக்கு இந்த அகலம் ஏன்: சபையில் அழகமுத்து கேட்டதையேதான் அவர்களும் கேட்டார்கள். மகாதேவி ஒரு சதம் எடுக்கவில்லை என்பதை எல்லாரும் ஒத்துக்கொண்டார்கள். விதியை மீறினார் என்பதையும் ஒத்துக்கொண்டார்கள். அழகமுத்து இரத்தினபுரிக்குப் போனபோது மகாதேவியின் மேசையில் வேறொருவர் இருந்தார். வரவிருந்த பதவி உயர்வு நின்றுபோய், அவர் றக்வானைக்கு அப்பால் ஒரு சின்ன அலுவலகத்துக்கு மாற்றப்பட்டிருந்தார்.

அழகமுத்து சும்மா இருக்கவில்லை. தன்னை ஒருகாலம் வேலையை விட்டு நிறுத்திய அதே துரையின் பங்களாவுக்குப் போய்ச் சம்மதக் கடிதம் கேட்டு நின்றார். துரை கொழும்புக் காரியாலயத்தைக் கைகாட்டினார். கொழும்பில், காணி அரசாங்கத்தினுடையது, அரசாங்கத்திடம் கேளுங்கள் என்றார்கள். மறுபடி சபையில் எழுந்து அந்தப் பாலத்தைக் கட்டி முடிக்க வேண்டும் என்று பேசினார். அன்றைக்குப் பாலம் எதற்கு என்று கேட்ட மந்திரி இன்றைக்குப் பாலம் வேண்டும் என்கிறாரே என்று அமைச்சர் சொல்ல, சபை முழுக்கச் சிரித்தது. அவருடைய சொந்த வரிசையிலும் சிரித்தார்கள்.

இரண்டாயிரத்து மூன்று மே மாதம் இரத்தினபுரி மாவட்டத்தையே மூழ்கடித்த மழை இந்தப் பக்கத்தையும் விடவில்லை. ஏதண்டவை ஆறு கொண்டுபோயிற்று. மலை ரோட்டில் மண் சரிந்து ட்ராக்டர் போக வழியில்லை. அப்போதுதான் இராமசாமியின் மகள் தர்மிளாவுக்கு வலி கண்டது, தலைப்பிரசவம். தெஹியோவிட்டையில் இருந்த அழகமுத்துவுக்குத் தகவல் கிடைத்ததும் ஒரு வேனைப் பிடித்துக்கொண்டு உடுமுல்ல வரை வந்துவிட்டார். வேன் ஆற்றங்கரை வரைக்கும் வந்தது. நடுவில் செம்மண் நிறத்தில் வெள்ளம். வெள்ளத்துக்கு அந்தப் பக்கம், தூணருகே, ஒரு தகரக் கதவில் தர்மிளாவைக் கிடத்தித் தூக்கிக்கொண்டு ஆட்கள் நின்றார்கள். மழை படாமல் தார்ப்படங்கு ஒன்றை அவளுக்கு மேலாகப் பிடித்திருந்தார்கள்.

அழகமுத்து கத்தினார். பொறுங்கள், கயிறு கொண்டுவரப் போயிருக்கிறார்கள் என்று கத்தினார். தண்ணீரின் இரைச்சலில் ஒரு சொல்லும் போய்ச் சேரவில்லை. தோட்டத்துக் கரையில் இராமசாமி கையை நீட்டி ஏதோ கேட்பது தெரிந்தது. உடுமுல்லப் பையன்கள் கயிறு கட்டி எறிந்து பார்த்தார்கள். முதல்முறை ஆறு இழுத்துக்கொண்டது. மறுபடி எறிந்தபோது பிடித்தார்கள். ஆனால் அதைப் பிடித்துக்கொண்டு பிள்ளைத்தாய்ச்சியைக் கொண்டுவர யாருக்கும் துணிவில்லை. மத்தியானத்துக்குப் பிறகு தோட்டத்துக் கரையில் இருந்தவர்கள் அவளைத் திரும்ப லயத்துக்குத் தூக்கிக்கொண்டு போவதை அவர் பார்த்தார்.

தர்மிளா பிழைத்தாள். பிள்ளை பிழைக்கவில்லை.

தண்ணீர் வடிந்ததும் அழகமுத்து லயத்துக்குப் போனார். இராமசாமி அவரைக் கண்டதும் எழுந்து, உட்காரப் பலகையை எடுத்துப் போட்டார்.

"நீங்க வேன் கொண்டாந்து நின்னத நாங்க பாத்தோங்க," என்றார். "ஒங்க மேல என்னங்க குத்தம். மழைக்கு யாரு என்ன செய்ய ஏலும்."

நிலாம் தன்னிடம் சொன்னதை அழகமுத்து இராமசாமிக்குச் சொல்ல வாயெடுத்தார். உள்ளே தர்மிளா சுவர்ப் பக்கம் திரும்பிப் படுத்திருப்பது தெரிந்தது. சொல்லவில்லை. தேநீரைக் குடித்துவிட்டு வந்துவிட்டார். வீட்டுக்கு வந்து கலைச்செல்வியிடம் எல்லாவற்றையும் சொன்னார். அன்றைக்கே நான் சொன்னேனே என்று அவள் கேட்பாள் என எதிர்பார்த்தார். அவள் அப்படிக் கேட்கவேயில்லை. அது அவருக்கு இன்னும் கஷ்டமாக இருந்தது.

அடுத்த வருடம் தேர்தல் வந்தபோது சங்கம் அவரை மறுபடி நிற்கச் சொன்னது. உடம்புக்கு முடியவில்லை என்று சொல்லிவிட்டார். பதவி முடிந்த கொஞ்ச நாளில் றக்வானைக்குப் பஸ் ஏறினார். வளைவுக்கு வளைவு தேயிலை மலை. பஸ் சிரமப்பட்டு ஏறியது. இறங்கி விசாரித்து மகாதேவியின் அலுவலகத்தைக் கண்டுபிடித்தார். ஒரு பழைய கட்டடத்தின் பின்னறை. அவர் மெலிந்திருந்தார். அழகமுத்துவை உடனே அடையாளம் கண்டுகொண்டார்.

"இருங்கோ," என்றார் முதலில்.

அழகமுத்து உட்கார்ந்தார். வழியெல்லாம் யோசித்து வைத்திருந்தது ஒன்றும் வாயில் வரவில்லை. கடைசியில், "அந்தப் பாலம் எங்களுக்குன்னு எனக்குத் தெரியாதுங்க மெடம்," என்றார்.

"தெரியும். நிலாம் சொன்னவர், நீங்கள் பிறகு எல்லா இடமும் அலைஞ்சனீங்கள் எண்டு."

"ஒங்க உத்தியோகத்தையும் கெடுத்து, சனங்க பாலத்தையும் கெடுத்துட்டேன். ஒரு புள்ளையும் போயிருச்சு."

பிள்ளையின் கதையை மகாதேவி அறிந்திருக்கவில்லை. அழகமுத்து சொல்லச் சொல்லக் கேட்டுக்கொண்டிருந்தார். கேட்டு முடித்ததும் கண்ணாடியைத் துடைத்துப் போட்டுக்கொண்டார்.

"நீங்கள் கேட்ட கேள்வி பிழையில்லை," என்றார். "தோட்டத்துக்கு ஏன் ஒண்டும் செய்யேல்லை எண்டு ஆரும் ஒருத்தர் கேட்கத்தான் வேணும். நானே எத்தினை நாள் நினைச்சிருக்கிறன், இவையளின்ரை ஆள் ஒருத்தரும் எழும்பிக் கேட்கிறாரில்லையே எண்டு. ஆனால் நீங்கள் என்ரை அறைக்கு வந்த அண்டைக்கு நான் உங்களைக் கூப்பிட்டு இருத்தி, கதவைச் சாத்திப்போட்டு, இப்பிடி ஒரு எண்ணம் இருக்குது, வாயைத் திறவாதேங்கோ எண்டு சொல்லியிருக்கலாம். சொல்லேல்லை. தோட்டத்து அரசியல்வாதி, பொறுமையாயிருக்க மாட்டார் எண்டு நானே முடிவெடுத்திட்டன்."

"நானும் அப்படித்தாங்க. யாழ்ப்பாணத்து உத்தியோகத்தர், எங்கள மதிக்க மாட்டாங்கன்னு."

பியோன் தேநீர் கொண்டுவந்து வைத்தான். இருவரும் குடித்தார்கள். வெளியே மழை மூட்டம் கட்டிக்கொண்டு வந்தது. கடைசி பஸ்ஸைப் பற்றி மகாதேவிதான் ஞாபகப்படுத்தினார். வாசல் வரை வந்து, "அந்தப் பிள்ளை, தர்மிளா, இப்ப எப்பிடி இருக்கிறாள்?" என்று கேட்டார்.

"அவிசாவளையில ஒரு தையல் காமெண்ட்ஸ்ல வேலைங்க. தோட்டத்துப் பக்கம் வாறதே இல்ல."

மன்னித்துக்கொள்ளுங்கள் என்று ஒரு வார்த்தை சொல்லத்தான் அழகமுத்து அத்தனை தூரம் போனார். திரும்பி வருகிற பஸ்ஸில், அதைச் சொல்லவேயில்லை என்பது ஞாபகத்துக்கு வந்தது. இன்னொரு தடவை போக வேண்டும் என்று நினைத்துக்கொண்டார்.

போகவில்லை. சங்கக் காரியாலயத்தில் மறுபடி பழைய வேலைதான். ஒரு பிரச்சினை வந்தால் மேடை போடாமல், முதலில் போய் அந்த உத்தியோகத்தரோடு தனியாகப் பேசிப் பார்ப்பார். அழகமுத்து அண்ணன் வயசாகித் தணிந்துபோனார் என்று இளைஞர்கள் சொன்னார்கள். அது சரியா என்று அவருக்கே சில நேரம் சந்தேகம் வரும். கேட்க வேண்டிய ஒன்றைக் கேட்காமல் விட்டுவிடுகிறோமோ என்று கலைச்செல்வியிடம் சொல்லியிருக்கிறார். இரண்டு பக்கமும் பயமாக இருக்கிறது என்றார்.

இரண்டாயிரத்தொன்பதின் கடைசியில் நிலாமை அவிசாவளை பஸ் தரிப்பில் சந்தித்தார். மகாதேவி முந்திய வருடமே ஓய்வு பெற்றுவிட்டாராம். யுத்தம் முடிந்ததும் ஊருக்குப் போயிருக்கிறார். பருத்தித்துறையில் சொந்த வீடு இடிந்து கிடப்பதாகவும், தங்கையோடு இருப்பதாகவும் கேள்வி. விலாசம் நிலாமிடம் இல்லை. விசாரித்துச் சொல்கிறேன் என்றார். கொழும்பு பஸ் வந்ததும் ஏறிப் போய்விட்டார். அழகமுத்து தெஹியோவிட்ட பஸ்ஸுக்காகக் காத்து நின்றார். பருத்தித்துறைக்கு எப்படிப் போவதென்று பக்கத்தில் நின்ற ஒருவரிடம் கேட்டுப் பார்த்தார். அந்த ஆளுக்கும் தெரியவில்லை.